பழைய அனலாக் சிசிடிவியை மாற்றப் போகிறீர்களா? மெகாபிக்சலுக்கு முன்னால் பார்க்க வேண்டிய கணக்கு

திங்கட்கிழமை காலை. அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மெசேஜ்: பேஸ்மென்ட்டில் நிறுத்தியிருந்த பைக்கைக் காணோம். பத்தே நிமிடத்தில் செக்யூரிட்டி அறையில் ஐந்தாறு பேர் கூடிவிடுகிறார்கள். டி.வி.ஆர். பின்னோக்கி ஓடுகிறது. இரவு 2.40-க்கு ஓர் உருவம் வருகிறது, பூட்டை என்னவோ செய்கிறது, வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறது. முகத்தைப் பார்க்கலாம் என்று ஜூம் செய்தால் நாலைந்து சாம்பல் கட்டங்கள்தான். ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியவில்லை.

மாலைக்குள் அடுத்த மெசேஜ் வரும்: "இந்த டப்பா கேமராவைத் தூக்கிட்டு டிஜிட்டல் போட்டுடலாம்." நீங்கள் ஐ.டி. துறையில் இருப்பவர் என்றால் அதற்கடுத்த மெசேஜும் உங்களுக்குத் தெரியும். "நீங்கதான் கம்ப்யூட்டர் ஆளாச்சே, மூணு கொட்டேஷன் வாங்கிடுங்களேன்."

வாங்கிவிடலாம். ஆனால் மூன்று கொட்டேஷனிலும் கொட்டை எழுத்தில் இருக்கப்போவது மெகாபிக்சலும் விலையும்தான். அடுத்த முறை ஒரு வண்டி காணாமல் போனால் இந்தச் செலவு உதவுமா, உதவாதா என்பதைத் தீர்மானிக்கும் விஷயங்கள் பெரும்பாலும் அதில் இருக்காது. அவை என்ன, எப்படிக் கணக்குப் போடுவது என்று பார்ப்போம். பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

உங்கள் சுவரில் இப்போது இருப்பது என்ன?

பழைய அனலாக் கேமரா தான் பார்ப்பதை மின் அலையாக மாற்றி ஒரு கேபிளில் அனுப்புகிறது. தூர்தர்ஷன் காலத்து டிவிக்கு வந்த அதே பி.ஏ.எல். முறைதான்: 625 வரிகள், நொடிக்கு 25 படங்கள். அந்த அலையை எண்களாக மாற்றி ஹார்ட் டிஸ்க்கில் எழுதுவது டி.வி.ஆர். பெட்டியின் வேலை. அந்தப் பெட்டியின் பெயரில் 'டிஜிட்டல்' இருக்கிறது என்பதற்காக உங்கள் கேமராவும் டிஜிட்டல் ஆகிவிடாது.

ஐ.பி. கேமராவில் படத்தை எண்களாக்குவது, சுருக்குவது எல்லாமே கேமராவுக்குள்ளேயே முடிந்துவிடும். வெளியே வருவது நெட்வொர்க் டேட்டா. ஆபீசில் லேப்டாப்பில் சொருகும் அதே வகை லேன் கேபிளில் போகும். கேமராவுக்கு வேண்டிய மின்சாரமும் அதே கேபிளில் வரும், அதைத்தான் பி.ஓ.இ. என்கிறார்கள். மறுமுனையில் டி.வி.ஆருக்குப் பதிலாக என்.வி.ஆர்.

இரண்டுக்கும் நடுவில் ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றிக் கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார். டி.வி.ஐ., சி.வி.ஐ., ஏ.ஹெச்.டி. என்ற பெயர்களில் வரும் 'ஹெச்.டி. கேமரா'. 1080பி தெளிவில் படம் தரும், பார்த்தால் டிஜிட்டல் மாதிரியே இருக்கும். ஆனால் கேபிளில் போவது இன்னமும் அனலாக் அலைதான். இது ஏமாற்று வேலை இல்லை, நல்ல தொழில்நுட்பம். ஏற்கெனவே சுவருக்குள் ஓடும் '3+1' கேபிளையே பயன்படுத்திக்கொள்ளலாம், சில நூறு மீட்டர் வரை தாங்கும். லேன் கேபிளுக்கு அந்த வசதி இல்லை. 100 மீட்டர்தான் வரம்பு, அதற்குமேல் போக வேண்டுமென்றால் நடுவில் ஒரு ஸ்விட்ச் வைக்க வேண்டும். பெரிய வளாகத்தில் கடைசி பிளாக்கின் பின்பக்கச் சுவருக்கு கேமரா போடும்போதுதான் இந்த 100 மீட்டர் யாருக்காவது ஞாபகம் வரும்.

எனவே கொட்டேஷன் கொடுப்பவரிடம் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "நீங்க போடப்போறது ஐ.பி.யா, அனலாக் ஹெச்.டி.யா?" பதில் எதுவானாலும் பரவாயில்லை. ஒன்றின் விலையில் இன்னொன்றை வாங்கிவிடக் கூடாது.

ஒரு முகத்துக்கு எத்தனை பிக்சல்?

'2 மெகாபிக்சல், 4 மெகாபிக்சல்' என்பதெல்லாம் மொத்தப் படத்தின் கணக்கு. உங்களுக்கு வேண்டியது முகத்தின் கணக்கு. ஈ.என். 62676-4 என்ற ஐரோப்பியத் தரநிலை இதற்கு எளிய அளவுகோல் வைத்திருக்கிறது. கேமரா பார்க்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை பிக்சல் விழுகிறது என்று பாருங்கள். 25 விழுந்தால் யாரோ ஒருவர் நிற்கிறார் என்று தெரியும். 125 விழுந்தால் ஏற்கெனவே தெரிந்த ஆளை அடையாளம் காணலாம். முன்பின் தெரியாத ஒருவரை, 'இவர்தான்' என்று சந்தேகமில்லாமல் சொல்ல 250 வேண்டும்.

இப்போது வகுத்துப் பாருங்கள். பழைய அனலாக் பதிவின் அகலம் அதிகபட்சம் 704 பிக்சல் போல வரும். 704-ஐ 250-ஆல் வகுத்தால் 2.8 மீட்டர். அதாவது கேமரா பார்க்கும் காட்சியின் அகலம் 2.8 மீட்டருக்குள் இருந்தால்தான் புதியவரின் முகம் தேறும். உங்கள் பேஸ்மென்ட்டில் அந்தக் கேமரா 12 மீட்டர் அகலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், மீட்டருக்கு 58 பிக்சல்தான். சாம்பல் கட்டங்கள் வந்த கதை இதுதான்.

1080பி கேமராவின் அகலம் 1,920 பிக்சல். 250-ஆல் வகுத்தால் 7.7 மீட்டர் அகலம். முன்னேற்றம்தான். ஆனால் நம் ஊரில் கேட்காமலேயே மாட்டிவிட்டுப் போகும் 2.8 மி.மீ. லென்ஸ் சுமார் 100 டிகிரிக்கு விரித்துக் காட்டும். அந்த லென்ஸில் 7.7 மீட்டர் அகலம் என்பது கேமராவிலிருந்து வெறும் 3 மீட்டர் சொச்சம் தூரத்திலேயே வந்துவிடும். அதைத் தாண்டி நிற்பவர் பழையபடி கலங்கத் தொடங்குவார். அதே கேமராவில் சுமார் 50 டிகிரி மட்டும் பார்க்கும் 6 மி.மீ. லென்ஸ் போட்டால், 8 மீட்டர் தூரம் வரை முகம் கிடைக்கும். ஒரே மெகாபிக்சல்தான், லென்ஸ் மாறியதும் தூரம் இரண்டரை மடங்கு ஆகிவிட்டது.

ஆனால் கமிட்டி மீட்டிங்கில் எல்லோரும் கேட்பது "ஃபுல் கவரேஜ் வருமா?" என்றுதான். எல்லாவற்றையும் ஒரே கேமராவில் பார்க்க நினைத்தால் எவரையும் அடையாளம் காண முடியாமல் போகும். யாராக இருந்தாலும் கடந்தே ஆக வேண்டிய இடங்கள் சில உண்டு: கேட், லிஃப்ட் வாசல், பேஸ்மென்ட் ராம்ப். அந்த மூன்று நான்கு இடங்களில் குறுகலாகப் பார்க்கும் கேமராவை, தலை உயரத்துக்குச் சற்று மேலே வையுங்கள். மற்ற இடங்களில் பரந்து பார்க்கும் கேமரா, 'ஏதோ நடந்தது, இத்தனை மணிக்கு' என்று சொன்னால் போதும். பத்தடி உயரத்தில் செங்குத்தாகக் கீழே பார்க்கும் கேமரா எத்தனை மெகாபிக்சல் ஆனாலும் தொப்பியையும் வழுக்கையையும்தான் பதிவு செய்யும்.

இரவு நேரம் தனிக் கதை. சென்சர் அளவு அதேயாக இருக்கும்போது மெகாபிக்சலை மட்டும் கூட்டினால், ஒவ்வொரு பிக்சலுக்கும் கிடைக்கும் வெளிச்சம் குறைகிறது. அதை ஈடுகட்ட கேமரா ஷட்டரை மெதுவாக்கும், நடந்து போகிறவர் புகை மாதிரித் தெரிவார். பேஸ்மென்ட்டில் இருட்டு மூலையாகப் பார்த்து இரண்டு எல்.ஈ.டி. டியூப் லைட் போடுவது, கேமராவை 2-லிருந்து 5 மெகாபிக்சலாக உயர்த்துவதைவிட அதிகம் உதவும். விலையும் கம்மி. இதை எந்த கொட்டேஷனிலும் பார்க்க மாட்டீர்கள்.

எத்தனை நாள் இருக்கும்?

இதுதான் பலரும் கோட்டை விடும் இடம். கேமரா மட்டும் மாறும், பழைய ஹார்ட் டிஸ்க்கைப் புதுப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். அல்லது பழைய அளவிலேயே புது டிஸ்க் வரும். விளைவைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உங்கள் வளாகத்தில் 16 கேமரா, டி.வி.ஆரில் 4 டி.பி. டிஸ்க் என்று வைத்துக்கொள்வோம். பழைய அனலாக் பதிவு ஒரு கேமராவுக்கு நொடிக்கு 1 மெகாபிட் என்றால், ஒரு நாளைக்கு 10.8 ஜி.பி. 16 கேமராவுக்கு 173 ஜி.பி. 4 டி.பி. டிஸ்க்கில் 23 நாள் தாங்கும்.

இப்போது 1080பி கேமரா வருகிறது. ஹெச்.264 முறையில் நொடிக்கு 4 மெகாபிட் என்று வைத்தால், ஒரு கேமராவுக்கு நாளொன்றுக்கு 43.2 ஜி.பி. 16 கேமராவுக்கு 691 ஜி.பி. அதே டிஸ்க் ஆறு நாள்கூடத் தாங்காது.

23 நாள் இருந்தது 6 நாளுக்கும் கீழே போகிறது. யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை, எந்த எச்சரிக்கை மணியும் அடிக்காது. டிஸ்க் நிரம்பியதும் பழைய பதிவை அழித்து அதன்மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் போய் பத்து நாள் கழித்துத் திரும்பி வந்து, வீட்டுப் பூட்டு உடைந்திருப்பதைப் பார்க்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கேமரா தெள்ளத் தெளிவாகப் படம் பிடித்திருக்கும். படம்தான் இருக்காது.

ஹெச்.265 சுருக்க முறையைத் தேர்ந்தெடுத்தால் ஏறக்குறைய பாதி இடம் மிச்சம். நொடிக்கு 2 மெகாபிட் என்று போட்டால் அதே டிஸ்க்கில் 11, 12 நாள் வரும். 30 நாள் வேண்டுமென்றால் சுமார் 10.4 டி.பி. தேவை. நொடிக்கு 25 படத்துக்குப் பதிலாக 15 படம், ஆள் நடமாட்டம் இருக்கும்போது மட்டும் பதிவு என்று செட்டிங்கைச் சரிசெய்தால் இன்னும் குறையும். கேமராவும் ரெக்கார்டரும் இரண்டுமே ஹெச்.265-ஐ ஏற்க வேண்டும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கும் இரவு பகலாக எழுதுவதற்கென்றே வரும் சர்வைலன்ஸ் ரகமாக இருக்கட்டும். பழைய டெஸ்க்டாப்பிலிருந்து கழற்றியது வேண்டாம்.

டிஸ்க்கில் இடம் இருந்தால் மட்டும் போதாது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே மறக்க முடியாத உதாரணம் உண்டு. 2020 ஜூன் 19 அன்று தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் சில நாள்களில் உயிரிழந்தனர். அங்கே விசாரணைக்குச் சென்ற கோவில்பட்டி நீதித்துறை நடுவர், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு அளித்த அறிக்கையில் ஒரு விஷயத்தைக் குறிப்பிட்டார். ஹார்ட் டிஸ்க்கில் 1 டி.பி. இடம் இருந்தும், அன்றன்றைய பதிவு தானாக அழியும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது. 19-ஆம் தேதிக் காட்சிகள் அதில் இல்லை. கேமரா இருந்தது, இடம் இருந்தது, பதிவு இல்லை.

அதே ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பரம்வீர் சிங் சைனி வழக்கில், காவல் நிலையங்களின் சிசிடிவி பதிவு 18 மாதங்கள் இருக்க வேண்டும், அதற்கான சாதனம் சந்தையில் கிடைக்காவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று உத்தரவிட்டது. உங்கள் அபார்ட்மென்ட்டுக்கு அந்த உத்தரவு பொருந்தாது. ஆனால் நீதிமன்றம் அங்கே பேசியது எத்தனை மாதம் என்பதைப் பற்றி. நீங்களும் கொட்டேஷனில் '4 டி.பி.' என்று எழுதியிருப்பதை அடித்துவிட்டு, 'எல்லா கேமராவும் சேர்த்து 30 நாள்' என்று எழுதச் சொல்லுங்கள். டி.பி. கணக்கு அவர் பாடு.

கேமரா இனி ஒரு கம்ப்யூட்டர்

பழைய அனலாக் கேமராவை யாரும் ஹேக் செய்ய முடியாது. ஹேக் செய்ய அதனுள் ஒன்றும் இல்லை. ஐ.பி. கேமராவுக்குள் பிராசசர் உண்டு, ஆபரேட்டிங் சிஸ்டம் உண்டு, பாஸ்வேர்ட் உண்டு. பலநேரம் அந்த பாஸ்வேர்ட், பெட்டியோடு வந்த அதே பாஸ்வேர்ட். (அனலாக்காக இருந்தாலும் டி.வி.ஆரை இன்டர்நெட்டில் இணைத்திருந்தால் இதே ஆபத்துதான். அதனால் பழையதே பாதுகாப்பு என்று பின்வாங்கவும் முடியாது.)

2016-இல் மிராய் என்ற மால்வேர் செய்ததும் இதைத்தான். கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாத ஐ.பி. கேமராக்கள், டி.வி.ஆர்.கள், ரவுட்டர்களைத் தேடிப் பிடித்து, அறுபது சொச்சம் பயனர்பெயர்-பாஸ்வேர்ட் ஜோடிகளை ஒவ்வொன்றாக முயன்று உள்ளே நுழைந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று இப்படிப் பிடிபட்ட சாதனங்களை வைத்து டின் என்ற அமெரிக்க நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்கும் திறக்கவில்லை.

அது தூரத்துச் செய்தி என்று தோன்றினால், இது பக்கத்துச் செய்தி. 2025 பிப்ரவரியில் குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் பெண்களைப் பரிசோதிக்கும் அறையின் சிசிடிவி காட்சிகள் யூடியூபில் தலைகாட்டின, டெலிகிராமில் விற்பனைக்கு வந்தன. அங்கே கேமரா இருந்திருக்கவே கூடாது என்பது முதல் கேள்வி. இருந்த கேமராவுக்குள் வெளியாள் எப்படி வந்தார் என்பது இரண்டாவது கேள்வி. உங்கள் வளாகத்துக்கும் இரண்டு கேள்வியும் பொருந்தும். நீச்சல் குளம், குழந்தைகள் விளையாடும் இடம், எதிர்வீட்டுக் கதவு எல்லாம் எந்தக் கேமராவில் விழுகிறது, அந்தக் கேமராவை யார் யார் மொபைலில் பார்க்கிறார்கள்?

இந்த விஷயத்தில் அரசு ஓரளவு உதவி செய்திருக்கிறது. மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024 ஏப்ரலில் சிசிடிவி கேமராக்களுக்கான பாதுகாப்பு விதிமுறைகளை அறிவித்தது. ஒருமுறை தள்ளிப்போடப்பட்டு, 2025 ஏப்ரல் 9 முதல் அவை நடைமுறைக்கு வந்தன. கேமராவின் வன்பொருள், ஃபர்ம்வேர், நெட்வொர்க்கில் டேட்டா மறையாக்கம் ஆகியவற்றை ஆய்வகத்தில் சோதித்துத் தேறிய மாடல்களையே விற்கலாம். எனவே நீங்கள் கேட்க வேண்டியது மாடல் எண்ணும், அந்த மாடலுக்கான பி.ஐ.எஸ். பதிவு விவரமும். "அதெல்லாம் இருக்கு சார்" என்பது பதில் ஆகாது. "பழைய ஸ்டாக், பாதி விலைக்குத் தர்றேன்" என்று ஒருவர் சொன்னால், அது ஏன் பாதி விலைக்கு வருகிறது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

சான்றிதழ் வாங்கிய கேமராவையும் அசட்டையாக மாட்டினால் கெடுத்துவிடலாம். வீட்டு வைஃபையும் கேமராவும் ஒரே நெட்வொர்க்கில் வேண்டாம். கேமராக்களுக்குத் தனி ஸ்விட்ச், தனி நெட்வொர்க். வெளியிலிருந்து பார்ப்பதற்காக ரவுட்டரில் போர்ட் திறந்துவிடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அட்மின் பாஸ்வேர்ட் அசோசியேஷனிடம் இருக்க வேண்டும். மாட்டிவிட்டுப் போனவரிடம் இருக்கக் கூடாது. அவருக்குத் தனிக் கணக்கு கொடுத்து, வேலை முடிந்ததும் நீக்குங்கள். செக்யூரிட்டிக்கு லைவ் பார்க்க மட்டும் அனுமதி போதும். சில ஐ.பி. கேமராக்களில் மைக்கும் இருக்கும், நிறையப் பேருக்கு அது தெரிவதே இல்லை. லிஃப்ட் வாசலில் இரண்டு பேர் பேசுவதைப் பதிவு செய்ய அசோசியேஷனுக்கு என்ன வேலை? அணைத்துவிடுங்கள்.

போலீசில் கொடுக்கும்போது

திருட்டு நடந்தால் நாம் வழக்கமாகச் செய்வது என்ன? மானிட்டரில் வீடியோவை ஓடவிட்டு, அதை மொபைலில் படம் பிடித்து, வாட்ஸ்அப்பில் இன்ஸ்பெக்டருக்கு அனுப்புகிறோம். துப்புக்கு அது போதும். வழக்கு நீதிமன்றம் வரை போனால் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவு, மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழ் கேட்கிறது. முதல் பகுதியை அந்தச் சாதனத்துக்குப் பொறுப்பானவர் தர வேண்டும், இரண்டாவது பகுதியை நிபுணர் தர வேண்டும். சாதனத்தின் மாடல், வரிசை எண்ணோடு, கோப்பின் ஹேஷ் மதிப்பும் அதில் வரும். ஒரு ஃபிரேமை மாற்றினாலும் ஹேஷ் மாறிவிடும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதற்கு ரெக்கார்டரிலிருந்தே அசல் கோப்பை பென் டிரைவில் எடுக்கத் தெரிந்த ஒருவராவது வளாகத்தில் இருக்க வேண்டும். நேரமும் சரியாக இருக்க வேண்டும். பல பழைய டி.வி.ஆர்.களில் கடிகாரம் இருபது நிமிடம் முன்னே பின்னே ஓடும், யாரும் கவனிப்பதில்லை. கேமரா சொல்லும் 2.40-உம் கேட் ரிஜிஸ்டர் சொல்லும் 2.40-உம் ஒன்றாக இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேலை சுலபம். ஐ.பி. அமைப்பில் எல்லா கேமராவும் என்.வி.ஆரிடமிருந்து நேரத்தை எடுத்துக்கொள்ளும்படி வைக்கலாம், ஒரே ஒரு செட்டிங்தான்.

அப்படியென்றால் எதை வாங்குவது?

என் கருத்தைக் கேட்டால்: சுவருக்குள் ஓடும் 3+1 கேபிள் நல்ல நிலையில் இருக்கும்போது எல்லாவற்றையும் உடைத்து ஐ.பி.க்கு மாறத் தேவையில்லை. பேஸ்மென்ட், மாடிப்படி போன்ற இடங்களில் அனலாக் ஹெச்.டி. போட்டுக்கொள்ளலாம். முகம் வேண்டிய அந்த மூன்று நான்கு இடங்களில் மட்டும் ஐ.பி. கேமரா. இரண்டையும் ஏற்கும் ரெக்கார்டர்கள் எக்ஸ்.வி.ஆர். என்ற பெயரில் கிடைக்கின்றன. புதிதாகக் கட்டும் வளாகம் என்றாலோ, கேபிள் பாதி இடத்தில் எலி கடித்துக் கிடக்கிறது என்றாலோ முழுக்க ஐ.பி.க்கே போய்விடுங்கள். எதுவானாலும் ரெக்கார்டர், ஸ்விட்ச் இரண்டுக்கும் யு.பி.எஸ். உண்டா என்று பாருங்கள். கரன்ட் போன நேரமாகப் பார்த்து வருகிறவருக்கு உங்கள் மெகாபிக்சலைப் பற்றிக் கவலை இல்லை.

பழைய டி.வி.ஆரை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்கிறேன் என்பார்கள். கொடுங்கள், ஆனால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். அதில் உங்கள் வளாகத்தின் கடைசி மூன்று வாரம் இருக்கிறது.

பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வையுங்கள். மாட்டி முடித்த அன்று இரவு, விளக்கு வழக்கமாக எரியும் அளவில், உங்கள் நண்பர் ஒருவரை கேட்டிலிருந்து லிஃப்ட் வரை நடக்கச் சொல்லுங்கள். அவரைத் தெரியாத ஒருவரிடம் அந்த வீடியோவைக் காட்டி, நாலு போட்டோக்களுக்கு நடுவில் ஆளைக் காட்டச் சொல்லுங்கள். முப்பத்தோராவது நாள் போய் முதல் நாள் பதிவைத் தேடுங்கள். இரண்டும் சரியாக வந்தால் மீதிப் பணத்தைக் கொடுத்துவிடலாம்.